ஒரு துடை துடைச்சிட்டு வந்துடறேன்

"மாப்பிள்ளை, சாயங்காலம் பஸ்ல அவ அக்கா வீட்டுக்குக் கிளம்பறேங்கறா. போனா லேசுல திரும்ப மாட்டா. நீங்க உடனே வாங்க."

"இதோ கிளம்பிட்டேன் மாமா."

"எப்படி இருக்கீங்களோ அப்படியே வாங்க. புரியுதா? அப்படியே."

"புரியுது மாமா."

போனை வைத்த கையோடு வாசலுக்கு வந்தவன், மோட்டார் சைக்கிளைப் பார்த்ததும் நின்றுவிட்டான். சக்கரத்திலிருந்து விளக்குவரை சேறு காய்ந்து அப்பிக் கிடந்தது. பெண்டாட்டி கோபித்துக்கொண்டு தாய்வீட்டுக்குப் போன நாளிலிருந்து அவன் வண்டியைத் தொட்டுத் துடைக்கவில்லை. சிலர் சாப்பிடாமல் இருப்பார்கள், சிலர் சவரம் செய்யாமல் இருப்பார்கள். அவனளவில் துக்கம் என்பது இதுதான்.

அவனுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. நாள் முழுக்க வாடிக்கைக்காரர்களின் கண்ணாடியை மஞ்சள் துணியால் துடைத்துத் துடைத்து மாட்டிவிடுவான். ஞாயிற்றுக்கிழமையிலும் அந்தத் துணி சட்டைப் பையிலேயே இருக்கும். கடையில் அவனுக்கு வைத்த பெயர் 'பளபளா'.

கல்யாணம் நடந்ததும் அந்தப் பளபளப்பால்தான். பாத்திரக்கடை வைத்திருக்கும் மாமனார், அவன் முதல்முதலாக வந்து இறங்கிய வண்டியின் டேங்கில் தன் முகத்தைப் பார்த்தார். "வண்டியையே இப்படி வெச்சிருக்கறவன், பொண்ணை எப்படி வெச்சுப்பான்!" என்று அங்கேயே பேச்சை முடித்தார். ஆயுள் முழுக்கச் சொம்பையும் குடத்தையும் தட்டிப் பார்த்து வாங்கிய மனுஷர், அன்றைக்கு மட்டும் தட்டிப் பார்க்கவில்லை.

சண்டைக்குக் காரணம் ரொம்பச் சின்னது என்பது பளபளாவின் கட்சி. காய்ச்சலில் கிடந்த மனைவியை டாக்டரிடம் காட்டிவிட்டுத் திரும்பும்போது மழை. வழியில் ஒரு குட்டை.

"ரெண்டு பேர் கனத்துல போனா சைலன்சர் பூரா சேறாயிடும். நீ இறங்கி ஓரமா நடந்து வந்துடேன்" என்றான்.

இறங்கி நடந்தாள். நனைந்து வீடு வந்து சேர்ந்து, தலை துவட்டத் துவாலையைத் தேடினாள். அது வண்டி டேங்கின்மேல் இருந்தது, அவன் கையோடு சேர்ந்து.

அவள் பெட்டியை எடுத்தாள்.

இப்போது அதே வண்டியில் சேறோடு போய் நின்றால் அந்த வீட்டில் என்ன நினைப்பார்கள்? 'பொண்டாட்டி போனதும் ஆள் உடைஞ்சு போயிட்டான்'னு நினைக்க மாட்டார்களா? மானம் போய்விடாதா?

"சும்மா ஒரு துடை துடைச்சிட்டுக் கிளம்பிடலாம்" என்று குழாயைத் திறந்தான்.

மாடிவீட்டுக்காரர் கைப்பிடிச் சுவரில் முழங்கையை ஊன்றினார். வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு அடுத்தவர் வேலையை மேற்பார்வை பார்ப்பதுதான் அவருக்கு வேலை.

"வெறும் தண்ணியா தம்பி? காஞ்சா திட்டுத் திட்டா நிக்குமே?"

நின்றது. குளியலறையிலிருந்து அவளுடைய ஷாம்பு பாட்டிலைக் கொண்டுவந்து கவிழ்த்தான். நுரை டேங்கை மூடி, எஞ்சினை மூடி, படியிறங்கித் தெருவைப் பார்க்கப் போனது. அதை அடக்க வாளி வாளியாய்த் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"கிளம்பிட்டீங்களா மாப்பிள்ளை?"

"பாதி வழி வந்துட்டேன் மாமா."

"என்ன தண்ணி சத்தம்?"

"இங்க மழை மாமா."

"இங்க வெயில் கொளுத்துதே!"

"அந்த வெயிலைப் பாத்துதான் வந்துட்டிருக்கேன் மாமா."

மேலிருந்து குரல் வந்தது. "ஷாம்பு போட்டா மங்கிடும். பாலிஷ் போட்டாத்தான் எடுபடும். மெத்துன்னு ஒரு துணி இருக்கா?"

பாலிஷ் டப்பா இருந்தது. துணிதான் இல்லை. அந்த வீட்டில் பழைய துணி எங்கே இருக்கும் என்பது அவளுக்கு மட்டும் தெரிந்த சங்கதி. அலமாரியைக் குடைந்தான். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு பருத்திப் புடவை. அடியில் கிடப்பது பழசாகத்தான் இருக்கும் என்று அவனே தீர்ப்புச் சொல்லி, டர்ரென்று கிழித்தான்.

தேய்க்கத் தேய்க்க டேங்க் ஜொலித்தது. இரண்டாவது துண்டை உதறியபோது மடிப்புக்குள்ளிருந்து கடை அட்டை விழுந்தது. ஒருநாள்கூடக் கட்டாத புதுப் புடவை.

"துணி அருமையான துணி தம்பி. எங்க வாங்கினது?" என்றார் மாடிவீட்டுக்காரர்.

பளபளா துண்டுகளைச் சுருட்டி பரண்மேல் எறிந்தான். எறிந்துவிட்டு வந்து பார்த்தால், டேங்க் இருந்த இருப்புக்கு சீட் கிழவன்போல வெளுத்துத் தெரிந்தது.

"ஒரு கை எண்ணெய் விட்டுத் தேய்ங்க. புதுசு மாதிரி ஆயிடும்."

ஆயிற்று. ஏறி உட்கார்ந்தவன் சர்ரென்று வழுக்கிப் போய் டேங்கில் முட்டினான். முட்டக்கூடாத இடத்தில் முட்டியது. கண்ணீரை விழுங்கிக்கொண்டு ஸ்டார்ட்டரை உதைத்தான். வண்டி இருமியது. மறுபடி உதைத்தான். இருமலும் நின்றது.

"இவ்வளவு தண்ணி ஊத்தினா? ப்ளக்குக்குள்ள போயிருக்கும்."

"முன்னாடியே சொல்லக் கூடாதா சார்?"

"நீங்க கேக்கலையே!"

ப்ளக்கைக் கழற்றி, துடைத்து, ஊதி, மாட்டி, தெருக்கோடிவரை தள்ளிக்கொண்டு ஓடினான். சட்டை வேர்வையில் ஊறியபிறகுதான் வண்டிக்கு இரக்கம் வந்தது.

வெயில் சாய்ந்துவிட்டது. பஸ்ஸை நினைத்து முறுக்கினான். ஒவ்வொரு பிரேக்குக்கும் டேங்கைத் தேடிப் போய், ஒவ்வொரு மேட்டிலும் பின்னால் வழுக்கி, சவாரி செய்கிறானா சறுக்குமரம் விளையாடுகிறானா என்று பார்த்தவர்களுக்கே சந்தேகம். மனசுக்குள் ஒத்திகை ஓடியது: 'நான் செஞ்சது தப்புதான். வா, வீட்டுக்குப் போலாம்.' அவ்வளவுதான் சொல்லவேண்டும். சொல்லிவிடலாம். புடவையைப் பற்றிப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மாமனார் தெருவுக்கு முந்தின சாலையில் குழாய் பதிக்கத் தோண்டியிருந்தார்கள். ஒரு லாரி, அவசரமே இல்லாமல் அவனைக் கடந்து, பள்ளத்துச் சேற்றை அள்ளி அவன்மேலும் வண்டிமேலும் பாரபட்சம் இல்லாமல் பூசிவிட்டுப் போயிற்று.

ஒரு கணம் அழுகையே வந்துவிட்டது. அப்படியே ஓட்டினான். வேறு வழியில்லை. வளைவில் திரும்பியதும் தெருக்கோடியில் மாமனார் வீட்டு ஜன்னல் தெரிந்தது.

அங்கேதான் அவனுக்கு மனசு கேட்கவில்லை. இவ்வளவு பாடுபட்டுவிட்டு, கடைசியில் இப்படியா போய் நிற்பது? வண்டியை ஓரங்கட்டினான். பையிலிருந்து மஞ்சள் துணியை எடுத்தான். முதலில் டேங்க். பிறகு விளக்கு. பிறகு கண்ணாடிகள் இரண்டும். குனிந்து, வாயால் ஆவி ஊதி ஊதித் துடைத்தான். கடைசியில் டேங்கில் அவன் முகம் தெரிந்தது. முகத்தில் சேறு. அதைத் துடைக்கத் துணியில் சுத்தமான இடம் பாக்கியில்லை.

போய் இறங்கினான். வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. கேட்டுக்குப் பக்கத்தில் அவளுடைய பெட்டி நின்றது. அதன் அருகே மாமனார் மட்டும் நின்றுகொண்டிருந்தார்.

பெட்டியைப் பார்த்ததும் பளபளாவுக்கு உயிர் வந்தது.

"நல்லவேளை மாமா! பஸ்ஸுக்கு முன்னாடி வந்துட்டேன்."

மாமனார் அவனைப் பார்க்கவில்லை. வண்டியைச் சுற்றி வந்தார். டேங்கை விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார்.

"பஸ்ஸெல்லாம் நான் சும்மா சொன்னது மாப்பிள்ளை. நீங்க சேறும் சகதியுமா வளைவுல திரும்பினதைப் பாத்துட்டு, அவளே பெட்டியைத் தூக்கிட்டு சிரிச்சுக்கிட்டே இதுவரைக்கும் ஓடிவந்தா; பாக்கெட்லேர்ந்து அந்த மஞ்சள் துணியை எடுத்தீங்க பாருங்க, அப்பதான் பெட்டியை இங்கேயே போட்டுட்டு உள்ள போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டா."