புஜம் அண்ணாச்சியின் இரண்டு கைகள்

பத்தாம் வகுப்போடு நின்றவன் பத்திரிகைக்கு எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம்தான். பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் கூடினாலே சுவரோரம் ஒதுங்குகிறவன் நான். ஒரே ஒரு மனிதருக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

தன் கைகளை அவரைப்போல நேசித்தவர் தாமிரபரணியின் இரண்டு கரையிலும் கிடையாது. தொண்ணூறுகளில் முக்கூடலில் ஒரு பீடிக் கம்பெனியில் நான் பண்டல் கட்டினேன். அவர் புகையிலை மூட்டை தூக்கினார். சொந்தப் பெயர் எல்லோருக்கும் மறந்துபோய், புஜம் அண்ணாச்சி ஆகியிருந்தார். தலை சீவக் கையைத் தூக்கினால்கூட, சீப்பை விட்டுவிட்டுப் புஜத்தைத்தான் பார்ப்பார். தினமும் ஆறு முட்டை, உவரியிலிருந்து வரும் சாளை மீன். பவுடர் குடித்து உடம்பு வளர்ப்பவர்களைக் கண்டால் ஆகாது.

"அது உடம்பா வே? காத்தடிச்ச டியூப்பு!"

அவர் மனைவிக்கு இரண்டு முறை கரு தங்கவில்லை. மூன்றாவது எட்டாம் மாதத்தில் இருந்தது. பிள்ளை நல்லபடியாகப் பிறக்க வேண்டுமென்று, குலசேகரன்பட்டினம் தசராவுக்குக் காளி வேஷம் கட்டுவதாக நேர்ந்துகொண்டு மாலை போட்டார். முட்டையும் மீனும் நின்றன. விரதத்தில் ஒரு வேளைச் சோறுதான். பத்தே நாளில் சட்டைக் கை தொளதொளத்தது.

ஒரு நாள் பவுடர் டப்பாவோடு வந்தார்.

"என்ன அண்ணாச்சி, டியூப்பா?"

"சிரிக்காதலே. காளிக்கு எட்டுக் கை. ஆறு மரக்கை. மிச்சம் ரெண்டாவது ஒழுங்கா இருக்க வேண்டாமா? இதுல முட்டை கிட்டை கலந்திருக்கான்னு பாத்துச் சொல்லு. நீ பத்தாவது படிச்சவன்லா."

டப்பா முழுக்க இங்கிலீஷ். ஒரு வரி புரியவில்லை. அதைச் சொல்ல வெட்கம். "பால் பவுடர்தான் அண்ணாச்சி" என்றேன்.

பதினெட்டு நாள் கழித்து ஒரு மருந்துக் கடையில் அதே டப்பாவைப் பார்த்து விசாரித்தேன். முட்டை வெள்ளைக்கருவைக் காயவைத்துப் பொடித்தது என்றார் கடைக்காரர். எனக்கு அண்ணாச்சி மனைவியின் வயிறுதான் கண்முன் நின்றது. சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. இரண்டு நாள் சும்மா இருந்தேன். அதற்குமேல் முடியவில்லை. குடோனில் வைத்துச் சொல்லிவிட்டேன்.

தூக்கிய மூட்டையைப் பைய இறக்கினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அந்தக் கையால் ஒரு அடி விழுந்திருந்தால் இதை எழுத ஆள் இருந்திருக்காது.

"எத்தனை நாள் குடிச்சிருக்கேன்லே?"

"இருபது நாள், அண்ணாச்சி."

இறக்கிய மூட்டைமேலேயே உட்கார்ந்தார். பிறகு சொன்னார்: "புள்ளைக்காக நேந்துட்டு, கைக்காகக் குடிச்சிருக்கேன் பாத்தியா. காளி வேஷம் இனி எனக்கு ஆகாது. பிச்சைக்காரன் வேஷம் போட்டு அம்மன்கிட்ட மன்னிப்புக் கேக்கணும். நீயும் வாலே. பொய் சொன்னவன்லா."

மிச்சமிருந்த பதினோரு நாள் நானும் விரதம் இருந்தேன். தசரா அன்று இருவரும் சட்டியோடு தெருத்தெருவாகப் போனோம். அண்ணாச்சி கைகள் இரண்டையும் மணிக்கட்டுவரை சாக்கால் மூடியிருந்தார்.

வேஷம் என்று தெரிந்தே ஒரு பெண் சீண்டினாள்: "இம்புட்டு உடம்பை வச்சிக்கிட்டுப் பிச்சையா? மூட்டை தூக்கலாம்லா?"

"தூக்கிக்கிட்டுத்தான் தாயி இருந்தேன்" என்றார், சிரிக்காமல்.

எனக்குக் கேட்க வாய் வரவில்லை. வாசலுக்கு வாசல் அவரே என் சட்டியையும் வாங்கி நீட்டினார். "இவனுக்கும் போடுங்க தாயி. கூச்சப்படுதான்."

மறுநாள் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் அவர் மனைவிக்குப் பெண் குழந்தை பிறந்தது. அன்று அண்ணாச்சி வேலைக்கு வரவில்லை. அவர் ஒருவராகத் தூக்கும் மூட்டைகளை நாங்கள் நாலு பேர் சேர்ந்து இறக்கினோம்.