கோழியண்ணன் சொன்ன இரண்டு வார்த்தை

இரண்டே வார்த்தை பேசி ஒரு ஊரையே வாயடைக்க வைத்த மனிதர் திருவிதாங்கூர் ராஜ்ஜியத்தில் ஒருவர்தான் இருந்தார். திவானைச் சொல்லவில்லை. எங்கள் கோழியண்ணனைச் சொல்கிறேன்.

பெயரைக் கேட்டுக் கோழி வளர்த்தவர் என்று நினைத்துவிடாதீர்கள். பந்தாட்டத்தில் கோல் காக்கிறவரை நெய்யாற்றின்கரைப் பக்கத்துப் படித்த பிள்ளைகள் இங்கிலீஷ் மாதிரி 'கோளி' என்பார்கள். அந்தச் சொல் பாறசாலைக்கு வந்து சேர்வதற்குள் கோழியாகிவிட்டது. அவர் அம்பூரி மலைப்பக்கத்திலிருந்து வேலைக்கு வந்து எங்கள் ஊரிலேயே தங்கிப்போனவர். சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. ஒண்டிக்கட்டை என்று நாங்களே தீர்மானித்துக்கொண்டோம். அவரிடம் யாரும் கேட்டதில்லை.

தொழில் வீட்டுக்கூரைக்கு ஓடு மேய்வது. கீழே ஒருவன் நின்று ஓட்டை ஒவ்வொன்றாக மேலே வீசுவான். ஏணியில் நிற்கிற கோழியண்ணன் அதைப் பிடித்து அடுக்குவார். ஒன்றுகூட உடையாது. இப்படி ஓடு பிடித்துப் பிடித்து, எது பறந்து வந்தாலும் பிடிப்பது அவருக்கு ஒரு வியாதியாகவே ஆகிவிட்டது. சந்தையில் மீன்காரி காக்கையை விரட்ட எறிந்த கல்லைப் பிடித்து அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்திருக்கிறார். ஒரு கல்யாணத்தில் எல்லாரும் பூவும் அரிசியும் தூவுகிற நேரத்தில் தெரியாத்தனமாக இவரை மணமக்களுக்கு முன்னால் நிறுத்திவிட்டார்கள். ஒரு மணி அரிசிகூட மாப்பிள்ளை தலையில் விழவில்லை. பெண்ணின் மாமா வந்து அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்ட பிறகுதான் அந்தத் தம்பதிக்கு ஆசீர்வாதம் கிடைத்தது.

பேச்சில் மனுஷர் மகா சிக்கனம். பந்து வந்தால் "வா" என்பார். கை தப்பி உள்ளே போனால் "போ" என்பார். மற்ற எல்லாவற்றுக்கும் தலையாட்டல்தான். இதில் இன்னொரு பிடிவாதமும் உண்டு. ஒருதடவை சொன்னதை மறுபடி சொல்லமாட்டார். "என்ன சொன்னீரு?" என்று கேட்டவன் கேட்டுக்கொண்டே நிற்க வேண்டியதுதான்.

இப்படிப்பட்டவர் வந்து சேர்ந்த இடம் விஜயவிலாசம் பந்தாட்டக் கிளப்பு. விஜயம் பெயரோடு நின்றுவிட்டது, விலாசம் மட்டும் எங்களிடம் இருந்தது. அறுவடை முடிந்த வயல்தான் மைதானம். நான்கு கமுகுக் கம்பு, குறுக்கே கயிறு, இதுதான் கோல். எல்லாருக்கும் வெறுங்கால். பந்துக்குள்ளே இருந்த பிளாடரில் அம்பூரி ரப்பர் வைத்து ஒட்டின ஒட்டுகள், பிளாடரை விட அதிகம். நான் லெப்ட் அவுட்டு. பந்து என் பக்கம் வருகிற வழக்கமில்லை என்பதால் எல்லாவற்றையும் நின்று பார்க்க எனக்கு வசதியாக இருந்தது.

கேப்டன் ராயசம் பிள்ளை. தாலுகா கச்சேரியில் எழுத்து வேலை, நிலபுலமுள்ள குடும்பம், நல்ல மனுஷர். வாய்தான் நிற்காது. பந்தைக் காலடியில் வைத்துக்கொண்டு, "இப்போ நான் இதை எதுக்கு இடது பக்கம் அடிக்காம வலது பக்கம் அடிக்கப் போறேன்னா" என்று விளக்குவார். விளக்கி முடிக்கும்போது பந்து எங்கள் கோலுக்குள் கிடக்கும். மற்றவர்களும் அப்படித்தான். ஆடின நேரத்தைவிட ஆட்டத்தைப் பற்றிப் பேசின நேரம்தான் பெரிது. கோழியண்ணன் கம்பத்தில் சாய்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பார்.

பிறகு காட்டாக்கடையிலிருந்து கேப்டனின் மச்சினன் வந்து சேர்ந்தான். பிள்ளையின் மனைவி சிவகாமியம்மைக்கு ஒரே தம்பி. "அவனுக்கும் ஒரு எடம் குடுங்களேன்" என்று அந்த அம்மாள் சொல்ல, காலியாக இருந்த இடம் எதுவுமில்லாததால் கோழியண்ணனின் இடத்தைக் கொடுத்தார்கள். அவர் தலையாட்டினார். மறுநாள் முதல் கோல் கம்பத்துக்குப் பின்னால் உட்கார்ந்து, மச்சினன் விட்ட பந்துகளையெல்லாம் பொறுக்கிக் கொடுக்க ஆரம்பித்தார். வருத்தமா, கோபமா, ஒன்றும் தெரியவில்லை. மூஞ்சி எப்போதும்போலத்தான் இருந்தது.

ஒரு சாயங்காலம் சென்டர் ஆப் ஆடுகிற எங்கள் யோவான் வயல் வரப்பில் ஓடி வந்தான். கருவாட்டு வியாபாரமாக நெய்யாற்றின்கரைக்குப் போனவன். கூடைகூடத் தலையில் இல்லை.

"கேட்டியளா, கோழியண்ணன் அங்க வச்சு நம்ம கிளப்பப் பத்திப் பேசிட்டாரு."

யோவான் என்ன செய்தி கொண்டுவந்தான் என்பது பிறகு. கோழியண்ணன் பேசினார் என்பதையே எங்களால் தாங்க முடியவில்லை. பேக் ஆடுகிற வைத்தியர் மகன் வரப்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். "அவருக்குப் பேச்சு வருமாலே?" என்றான்.

"எங்காதால கேட்டேன் மக்கா. நெய்யாற்றின்கரைக் கிளப்புக்காரன் ஒருத்தன் வீட்டு ஓடு மேய்ச்சலு. அவனுவ ஒக்க கீழ கூடி நிக்கானுவ. நம்ம கிளப்பப் பத்தி என்னமோ கேட்டானுவ. இவரு ஏணி மேல நின்னு, 'சம்சாரம் கூடுதல்' அப்படீன்னாரு. அவ்வளவுதான். அவனுவ வயித்தப் பிடிச்சுச் சிரிச்சானுவ. அங்ஙன நிக்க எனக்கு மானமில்ல, வந்துட்டேன்."

இங்கே வெளியூர் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இரண்டு பாஷையும் ஒரே வாயில் ஓடும். வீட்டில் தமிழ், கச்சேரியில் மலையாளம், கோபம் வந்தால் எது முதலில் கிடைக்கிறதோ அது. மலையாளத்தில் சம்சாரம் என்றால் பேச்சு. தமிழில் சம்சாரம் என்றால் பெண்டாட்டி. 'கூடுதல்' இருக்கிறதே, அது இரண்டிலும் ஒன்றேதான். கூட ஒரு வினைச்சொல் போட்டிருந்தால் எந்தப் பாஷை என்று பிடித்துவிடலாம். வினைச்சொல்லையெல்லாம் செலவழிக்கிற ஆளா அவர்?

"மலையாளமாக்கும்," என்றார் கேப்டன், முகம் சிவந்துபோய். "நமக்குப் பேச்சு கூடுதலாம். ஆட்டம் இல்லையாம். எவ்வளவு தைரியம் பாருங்க." எங்களுக்குப் பேச்சு அதிகமில்லை என்பதை அவர் விளக்கத் தொடங்கினார். பொழுது சாயும்வரை விளக்கினார்.

அவர் மூச்சு வாங்கின இடைவெளியில் வைத்தியர் மகன் மெதுவாகக் கேட்டான். "தமிழா இருந்தாலோ?"

எல்லாரும் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். சம்சாரம் கூடுதல். அதாவது, பெண்டாட்டி ஒன்று அதிகம். கிளப்பில் பாதிப்பேருக்குக் கல்யாணமே ஆகவில்லை. ஆனவர்களில், ஒன்றுக்கு மேல் சமாளிக்கிற வசதியுள்ளவர் ஒருவர்தான். பத்துப்பேரும் கேப்டனைப் பார்த்தோம்.

"பிள்ளைவாள் மாசாமாசம் ஆரியங்கோட்டுக்குப் போறது உண்டும்லா," என்றான் யோவான், யாரிடமும் சொல்லாத மாதிரி.

அவர் போனது நிலவரி விஷயமாகத்தான். கச்சேரியில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் பத்துப்பேர் "சரி, யாரு அவ?" என்கிற மாதிரிப் பார்க்கும்போது நிலவரியைப் பற்றிப் பேச எவனுக்கு வாய் வரும்? வாழ்க்கையில் முதல்தடவையாகக் கேப்டன் பேச்சு வராமல் நின்றார். அது போதாதா எங்களுக்கு. மச்சினன் பந்தைக் கீழே போட்டுவிட்டு அக்காள் வீட்டைப் பார்த்து நடந்தான்.

விடிந்ததும் சிவகாமியம்மை தம்பியோடு வில்வண்டி ஏறிக் காட்டாக்கடைக்குப் போய்விட்டாள். போகும்போது ஒரே ஒரு கேள்விதான் கேட்டாளாம். "அந்த மனுஷன் வாயத் தொறக்கமாட்டான். அவனே சொல்லுதான்னா பொய்யா இருக்குமா?" பாருங்கள் கொடுமையை. நாள் முழுக்கப் பேசுகிற புருஷன் சத்தியம் பண்ணினதை அவள் காதில் வாங்கவில்லை. எப்போதும் பேசாதவன் சொன்னதாகக் கேள்விப்பட்ட இரண்டு வார்த்தையை நம்பிவிட்டாள்.

அன்று சாயங்காலம் கோழியண்ணன் வழக்கம்போல வந்து கம்பத்துக்குப் பின்னால் உட்கார்ந்தார். கோலில் ஆளில்லை என்பதைப் பார்த்தார். நாங்கள் சுற்றி நின்றோம்.

"ஓய், நீரு சொன்னது தமிழா, மலையாளமா?"

அவர் ஒவ்வொருத்தர் முகமாக எல்லாரையும் பார்த்தார்.

"உப்பத் தின்ன எடத்தையே பழிச்சீரே, கொள்ளாம். எடம் போச்சுங்கிற ஆத்திரமா?"

"இனி இந்த வயலில கால் வைக்கப்பிடாது" என்று யாரோ சொன்னான். யார் என்று இப்போது ஞாபகமில்லை, எல்லாரும் ஆமாம் போட்டோம். கோழியண்ணன் எழுந்தார். முண்டில் ஒட்டின வைக்கோலைத் தட்டினார். வரப்பில் இறங்கிப் போனார்.

பிள்ளை சோறு இறங்காமல் கிடந்தார். கச்சேரிக்குப் போவதில்லை, யாரோடும் பேசுவதில்லை. அந்த வீட்டு வாசலில் சத்தமில்லாமல் இருந்தது எங்களுக்கே பயமாக இருந்தது. கடைசியில் என்னைக் கூப்பிட்டனுப்பினார். "மக்கா, அந்த ஆளக் கூட்டிட்டு காட்டாக்கடைக்குப் போவோம். அவன் வாயால 'மலையாளம்'னு ஒரு சொல்லு சொன்னாப் போதும். எனக்குப் பேச்சு கூடுதல்னு ஊரு முழுக்கச் சொல்லட்டும், நான் சம்மதிக்கேன். அவ திரும்பி வந்தாப் போதும்."

கோழியண்ணன் வந்தார். கூப்பிட்டதும் தலையாட்டிவிட்டுக் கூடவே நடந்தார்.

காட்டாக்கடையில் மாமனார் வீட்டு முற்றத்தில் நாங்கள் மூவரும் நின்றோம். கதவுக்கு உள்ளே சிவகாமியம்மை. பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு மச்சினன்.

"நீரு சொன்ன சம்சாரம் தமிழா, மலையாளமா? அத மட்டும் சொல்லும்," என்றாள்.

பிள்ளை கண்ணாலேயே கெஞ்சினார். கோழியண்ணன் கேட்டார், "அது ரெண்டா?"

எங்களுக்குப் புரியவில்லை.

"நான் ஒண்ணுன்னுல்லா நெனச்சிட்டிருந்தேன்," என்றார்.

பிள்ளையின் தோள் தொங்கிவிட்டது. சிவகாமியம்மை கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்துவிட்டாள். "வெளயாடுதீரா? பெண்டாட்டியும் பேச்சும் ஒண்ணாவுமா?"

அதன்பிறகு நடந்ததை நான் நேரில் பார்த்திராவிட்டால் நம்பியிருக்கமாட்டேன். கோழியண்ணன் பேசினார். வாக்கியம் வாக்கியமாகப் பேசினார்.

"அம்மை, அம்பூரியில எங்க வீட்டில சம்சாரம் உண்டும். காலத்த எந்திரிச்சாத் தொடங்குவா. கஞ்சி வைக்கும்பம் பேசுவா, வெறகு கீறும்பம் பேசுவா, ஒறக்கத்திலயும் பேசுவா. நான் கேட்டுக்கிட்டிருப்பேன். ஆளு வேற, பேச்சு வேறன்னு எனக்குத் தோணினதில்ல. பின்ன பனிக்காய்ச்சல் பிடிச்சுச் செத்துப்போயிட்டா. வீட்டில சம்சாரம் இல்ல. அங்க இருக்கக் கழியல, எறங்கி வந்துட்டேன்."

நிறுத்தினார். மச்சினன் கட்டியிருந்த கையை அவிழ்த்தான்.

"நெய்யாற்றின்கரைக்காரனுவ எங்க கோலில வந்து நில்லுன்னானுவ. பூட்ஸ் தாறோம், சட்டை தாறோம்னானுவ. வரல்லன்னேன். ஒன்ன வெளிய உக்காத்தி வச்சிருக்கானுவ, அந்தக் கிளப்பில அப்படி என்ன உண்டும்னு கேட்டானுவ. சொன்னேன்."

"என்னன்னு சொன்னீரு?" என்று என்னையறியாமல் கேட்டுவிட்டேன்.

சொன்னதைத் திருப்பிச் சொல்லாதவர், அன்றைக்கு எனக்காகச் சொன்னார். "சம்சாரம் கூடுதல்."

குற்றமாகச் சொன்னதாக நாங்கள் குதித்தோமே, அது அவர் எங்களுக்குக் கொடுத்த நற்சாட்சி. பூட்ஸும் சட்டையும் வேண்டாமென்று அவரை எங்கள் கமுகுக் கம்பத்தடியில் உட்காரவைத்தது எங்கள் ஆட்டமல்ல. ராயசம் பிள்ளையின் ஓயாத வாய். பிள்ளை மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

சிவகாமியம்மை உள்ளே போனாள். துணிமூட்டையோடு திரும்பி வந்தாள். "வண்டி கெட்டச் சொல்லுங்க," என்றாள் புருஷனிடம். பிறகு கோழியண்ணனைப் பார்த்து, "நீரும் ஏறும். வழி நெடுக இவரு பேசுவாரு, தனியா கேக்க என்னால ஏலாது," என்றாள்.

மறுநாள் மச்சினன் தானாகவே வந்து, கோலில் நீங்களே நில்லுங்கள் என்று அவரை இழுத்தான். அவர் தலையாட்டி மறுத்துவிட்டுக் கம்பத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார். யோவான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கருவாடு நனைந்த கதையை ஆரம்பித்தான். வைத்தியர் மகன் வந்தான். நானும் போனேன். கேப்டன் வந்ததும் நாங்கள் இடம் விட்டோம். பந்து வயலின் நடுவே கிடந்தது, எவனும் எடுக்கப் போகவில்லை. இருட்டுகிறவரை ஆள் மாற்றி ஆள் பேசினோம். கோழியண்ணன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாங்கள் பேச்சை நிறுத்தினபோது மட்டும் தலையைத் திருப்பிப் பார்த்தார்.