கையைத் தூக்கச் சொன்ன வேட்பாளர்

பணி ஓய்வு பெற்ற பிறகும் வகுப்பறையை விட்டு வெளியே வராத வாத்தியார் என்று ஓர் இனம் உண்டு. உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. அதிலும் ஊர்விட்டு ஊர் வந்தவராக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

ராஜகுரு சாருக்குச் சொந்த ஊர் தஞ்சாவூர்ச் சீமை மன்னார்குடி. முப்பத்தோரு வருடத்துக்கு முன்னால் பரளச்சிப் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்குக் கணக்கு வாத்தியாராக வந்தார்; அங்கேயே நாலு ஏக்கர் கரிசல் வாங்கினார்; மிளகாயும் பருத்தியும் விளைகிற மானாவாரியில், ஆற்றுப் பாசனத்துப் பிடிவாதத்தோடு நெல்லை விதைத்து, வானத்தைப் பார்த்து, வைக்கோல்கூடத் தேறாமல், மறுநாளே பக்கத்துப் புஞ்சைக்காரருக்குப் போய் மிளகாய் போடுவது எப்படி என்று பாடம் எடுத்தார். அசருவாரா?

இத்தனைக்கும் பிறகு ஊருக்கு அவர் 'தஞ்சாவூரு வாத்தியார்'தான். அது அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. ஊராட்சித் தலைவராகிவிட்டால் உள்ளூர்க்காரராகிவிடலாம் என்று நம்பி மனுப் போட்டார்.

பிரசாரமா அது? "நீ வகுத்தல்ல கோட்டை விட்டவனாச்சே" என்றுதான் வாக்காளரிடம் நலம் விசாரிப்பார். கும்பிடுகிற கைகளில் நகம் வெட்டியிருக்கிறதா என்று பார்ப்பார். ஊர் மந்தைப் பொட்டலில் கூட்டம் போட்டு, கரும்பலகை வைத்து, கண்மாய் தூர்வாருவதை ஒரு மணி நேரம் விளக்கிவிட்டு, "எனக்கு ஓட்டுப் போடுறவங்க கையத் தூக்குங்க" என்றார். இருநூற்றுப் பதினாலு கைகள். கணக்கு வாத்தியார் எண்ணினால் தப்புமா? அன்றே பூக்கடையில் வெற்றி மாலைக்குச் சொல்லிவிட்டார்.

ஓட்டு எண்ணும் நாளில் திருச்சுழியில் பெட்டியைத் திறந்தார்கள். பத்தொன்பது ஓட்டு.

பஸ்ஸுக்கு நின்ற இடத்தில் சோணைமுத்து அகப்பட்டான். பழைய மாணவன், இப்போது மிளகாய் விவசாயி, கூட்டத்தில் முதல் வரிசை.

"ஏன்டா, நீயும்தானே கையத் தூக்குன?"

"தூக்கலைன்னா எந்திரிச்சு நின்னு காரணம் சொல்லச் சொல்லுவீகளே சார்! பள்ளிக்கூடத்துலயும் 'புரிஞ்சுதா'ன்னு நீங்க கேட்டா எல்லாருந்தான் தூக்குவோம். ஒருத்தனுக்கும் புரிஞ்சதில்ல."

தேர்தலில் தோற்றதுகூட இவ்வளவு வலிக்கவில்லை. இத்தனை வருடமும் கை தூக்கிய பிள்ளைகள் வரிசையாகக் கண்முன் வந்து நின்றார்கள். பாவம், சாருக்குக் கண் கலங்கிவிட்டது.

சோணைமுத்து பதறிப் போனான். "வருத்தப்படாதீக சார். வெளியூர் ஆளுன்னா மூஞ்சிக்கு நேராவே மாட்டோம்னு சொல்லியிருப்போம். நம்ம சாராச்சேன்னுதான் பொய்யாத் தூக்குனோம்."

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் உங்கள் வீட்டில், நீங்கள் பேசி முடித்ததும் எல்லோரும் மறுபேச்சில்லாமல் தலையாட்டுகிறார்களா? அப்படியானால் தயவுசெய்து எந்தத் தேர்தலுக்கும் மனு மட்டும் போட்டுவிடாதீர்கள்.