பனியன் சொன்ன அளவு

ஐந்து நாள் தூங்கிக்கொண்டிருந்த ஒரு கருவிக்குக் கேக் வெட்டியவன் நான். மறைத்துப் பயனில்லை, போட்டோ இன்னும் கம்பெனி வாட்ஸப் குழுவில் கிடக்கிறது.

தாம்பரத்துக்கு அப்பால், தொழிற்சாலைக் கழிவை எரிக்கும் ஆலையில் நான் மேலாளர். புகைபோக்கி வழியே போகும் தூசியை ஒரு கருவி நிமிஷத்துக்கு நிமிஷம் அளக்கும். எண் வாசல் பலகையிலும் தெரியும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் தானாகப் போகும். உலகத்தில் அந்த எண்ணை நம்பாத ஒரே மனிதர், கருவியைப் பராமரிக்க நாங்களே சம்பளம் கொடுத்து வைத்திருந்த பனியன் அண்ணன்.

காரணப் பெயர்தான். அவர் வீடு ஆலைக்குப் பின்தெருவில். தினமும் மொட்டைமாடியில் ஒரு வெள்ளைப் பனியனைத் தொங்கவிட்டு, மறுநாள் பிளாஸ்டிக் கவரில் போட்டு ஆபீசுக்குக் கொண்டுவருவார். கருவி சொன்னதையும் பனியன் சொன்னதையும் ஒரே நோட்டில் அருகருகே எழுதுவார். ஆய்வுக்கு வந்த அதிகாரியிடம் நோட்டையும் பனியனையும் சேர்த்தே நீட்டினார். அதிகாரி நோட்டில் மட்டும் கையெழுத்திட்டது எங்கள் அதிர்ஷ்டம்.

அந்த வாரம் எண் ஆடாமல் அசையாமல் குறைவாகவே நின்றது. கேக் வாங்கினேன். எல்லோரும் கைதட்டும்போது அண்ணன் மேஜைமேல் ஒரு மங்கிய பனியனை விரித்தார்.

“குப்பை தெனம் மாறுது சார், நம்பர் மட்டும் மாறல. உசுரு கீற நாடி இப்டியா அடிக்கும்?”

பனியனெல்லாம் சாட்சியாகாது என்று நான் சிறு உரை நிகழ்த்தினேன். முடிப்பதற்குள் அவர் புகைபோக்கி ஏணியில் பாதி ஏறியிருந்தார். உருவிய கருவியின் கம்பியில் தூசி தோசைமாவு மாதிரி அப்பியிருந்தது. துடைத்து மாட்டியதும் பலகையில் எண் வரம்பைத் தாண்டிச் சிவந்தது.

உலையை நிறுத்தினால் தலைமை அலுவலகம் என்னை நிறுத்தும். ஏதாவது காரணம் சொல்லி நாளைக்குத் தள்ளலாமா என்று பார்த்தேன். கரித்தூசியோடு இறங்கி வந்த அண்ணன் வாதாடவில்லை.

“காத்து இன்னிக்கு எங்க தெரு பக்கம் அடிக்குது சார்” என்றார்.

நிறுத்தினேன். உள்ளே வடிகட்டிப் பை ஒன்று நீளமாகக் கிழிந்திருந்தது. தலைமை அலுவலகம் என்னைத் திட்டியதோடு விட்டது.

ஓய்வுபெற்ற நாளில் அண்ணன் எனக்குப் புதுப் பனியன் ஒன்று கொடுத்தார். நான் அதை ஒருநாளும் போட்டதில்லை. சேலையூரில் என் வீட்டு மொட்டைமாடியில் தொங்குகிறது. காலையில் காபியோடு போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

அவர் ஓய்வுபெற்ற அன்று விருந்தில் அவர் மனைவியிடம், பனியன் ஒரு தெருவையே காப்பாற்றியதைக் குரல் தழுதழுக்கச் சொன்னேன். அந்த அம்மா பாயசத்தை முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

“அந்த வாரம் சோப்பை மாத்தினேன் சார். எல்லாத் துணியும் அப்டித்தான் மங்கிக் கெடந்துச்சு.”