மெழுகன் வெயில் பிடித்த படலம்

வெல்க அவன்! பல் இழந்தார்க்குப் பல் அருளும் பெருந்தொழிலோன், ஈறும் தாடையும் பகலெல்லாம் அச்சு வார்த்து அயர்ந்த கையால் மாலையில் பிளாஸ்டிக் மறவரைத் தூக்கி நிறுத்தும் திண்மையோன், கூட்டாளிகள் ‘மெழுகு’ என்று விளித்தாலும் சினவாது திரும்பிப் பார்க்கும் பொறையுடையோன், எங்கள் மெழுகன் வெல்க! மலையைப் பெயர்த்தவர்க்கும் கடலைக் கடைந்தவர்க்கும் பாட்டு உண்டு. சாப்பாட்டு மேசைமேல் ஒரு சாண் உயர மங்கையை ஒற்றைக் காலில் நிற்கவைக்கப் போராடியவனுக்கு இதுவரை ஒரு வரியும் இல்லை. அந்தக் குறையைத் தீர்க்கவே இச்சிறியேன் வாய் திறந்தேன். பிழையிருப்பின் சான்றோர் பொறுக்க. சிரிப்பு வரின் அடக்க வேண்டா.

அவன் ஆளும் நாடு மூன்றாம் மாடியில் இரண்டு அறையும் ஒரு கூடமும் உடையது. மேற்கே உள்ள ஒரே ஜன்னலின் வழியே, எதிர்ச்சாரிக் கட்டடங்கள் இரண்டின் நடுவிலுள்ள சந்தில் நுழைந்து, மாலைக் கதிரவன் சிறுபொழுது மட்டும் எட்டிப் பார்த்துப் போவான். கூடத்துக் கண்ணாடி அலமாரியில் அணிவகுத்து நிற்பன வீடியோ கேம் உலகங்கள் பலவற்றிலிருந்து திரட்டிய படைகள்: தவளைத் தலை மந்திரவாதி, மும்முகப் பீரங்கிக்காரன், தன் ஓட்டையே கேடயமாகப் பிடித்த ஆமைத் தளபதி. இவர்கள் வந்திறங்கிய அட்டைப்பெட்டிகளோ கட்டிலின் அடியில், தூசும் புகாதபடி அடுக்கப்பட்டுள்ளன. பொம்மை உடைந்தாலும் உடையலாம், பெட்டி கசங்கலாகாது என்பது சேகரிப்போர் குலத்தின் முதல் அறம். அந்த அறத்தின் பயனாக அந்த வீட்டில் துடைப்பம் கட்டிலடிக்குப் போய் ஆண்டுகள் பல ஆயின.

அப்படைக்கெல்லாம் தலைவியாய்ப் புதிதாய் வந்தவள் வாள்மகள். சாம்பல் படிந்த கோட்டை ஒன்றின் கடைசிக் காவலாளி. மெழுகன் படித்த காலத்தில் ஒரு விடுமுறை முழுவதும் கேமில் அவளை நடத்திச் சென்று, கோட்டை வாயிலில் தோற்றுத் தோற்று, தோல்வியின் ஊடே அவள்மேல் பெருமதிப்புக் கொண்டான். இப்போது அவள் வலக்கால் தூக்கி, வாள் ஓங்கி, பறக்கும் மேலாடை பறந்தபடியே உறைந்து, அவன் வீட்டில் நிற்கிறாள். அதாவது, யாராவது பிடித்துக்கொண்டால் நிற்கிறாள்.

இனிப் பகைவனைச் சொல்லுவாம். பொம்மைகளைப் படம் எடுப்போர் கூடிய குழு ஒன்று மெழுகனின் போனுக்குள் வாழ்கிறது. அக்குழுவின் நடுவரை நேரில் கண்டவர் இலர். பூதக்கண்ணாடி என்பது அவர் பூண்ட பெயர். உயிருள்ள படம் கண்டால் அவர் வாளாவிருப்பார். உயிரற்ற படம் கண்டால் ஒரே ஒரு சொல் எய்வார். ‘பொம்மை.’ அவ்வளவே. மெழுகன் இதுகாறும் அனுப்பிய படம் ஒவ்வொன்றின் மார்பிலும் அச்சொல் தைத்திருந்தது.

“பொம்மையைப் பொம்மைன்னுதானே சொல்லியிருக்காரு? இதுல என்னங்க தப்பு?” என்று அவன் மனைவி ஒருநாள் கேட்டாள். கார் ஓட்டக் கற்றுத் தரும் பள்ளியில் பயிற்சியாளராய் இருந்து, உயிருக்கு அஞ்சாமல் அஞ்சியவர்களின் அருகில் அமர்ந்து பொழுது கழிக்கும் வீராங்கனை அவள். அந்தக் கேள்வியின் கொடுமையால், பல்லையே தெய்வமாகத் தொழும் மெழுகன் அன்று பல் துலக்காமல் படுத்தான்.

இவ்வாரத்துப் போட்டிக்குக் குழு அறிவித்த பொருள்: வெயில். விளக்கு கூடாது, இருட்டுமுன் எடுத்து அனுப்புதல் வேண்டும். விடுமுறை நாள் பிற்பகலில் மெழுகன் கூடத்தின் நடுவில் நின்று, வலக்கையில் கேமராவும் இடக்கையில் வாள்மகளும் ஏந்தி, வஞ்சினம் கூறினான்: “இந்தப் படத்துக்கும் அவர் அதே வார்த்தையைச் சொல்லட்டும்! எல்லாரையும் பெட்டிக்குள்ள போட்டு மூடிடறேன். இந்த அலமாரியில உன் பீங்கான் தட்டை அடுக்கிக்கோ!”

விருந்தினர்க்கென்று வாங்கி விருந்தினர் எவரும் காணாத அத்தட்டுகளை நினைந்து மனைவியின் முகம் மலர்ந்தது. “இன்னொரு தடவை சத்தமா சொல்லுங்க. போன்ல பதிஞ்சு வெச்சுக்கறேன்.”

போர்க்களம் அமைந்தது. பல் அச்சுக்கு வார்த்து இறுகிய சாந்தை உடைத்துக் கோட்டை இடிபாடுகள் செய்தான். அதன் தூளைத் தூவிப் போர்நிலத்துப் புழுதி செய்தான். கடைவாய்ப் பல்லை அதன் இடத்தில் நிறுத்தும் இளஞ்சிவப்பு மெழுகில் பயறளவு உருட்டி, வாள்மகளின் குதிகாலில் ஒட்டி நிறுத்தினான். மண்டியிட்டான். மோவாயை மேசை விளிம்பில் ஊன்றினான். மூச்சை அடக்கினான். வாள்மகள் நின்றாள், நின்று, யோசித்து, பக்கவாட்டில் சரியலானாள்.

“சாயறா, சாயறா! பிரேக்!” என்று கூவிய மனைவியின் வலக்கால், தொழிற்பழக்கத்தால், தரையில் இல்லாத பிரேக்கை ஓங்கி மிதித்தது. அந்த அதிர்வில் வாள்மகள் முகம் குப்புற விழுந்தாள்.

“நீ மிதிச்சதாலதான் விழுந்தா!”

“நான் மிதிக்கலேன்னா இன்னும் வேகமா விழுந்திருப்பா.”

மெழுகன் மெழுகு உருண்டையைப் பெரிதாக்கினான். விழுவதும் எழுவதும் வீரர்க்கு இயல்பன்றோ! வாள்மகள் மீண்டும் நின்றாள். அவ்வேளை எதிர்க்கட்டடச் சந்தில் கதிரவன் தோன்றினான். உருக்கிய பொன்னை ஊற்றினாற்போல ஒளி ஜன்னலேறி, கூடத்துத் தரை தவழ்ந்து, மேசைக் காலைப் பற்றி, இடிந்த கோட்டையை எட்டி, வாள்நுனியைத் தொடப்போகும் அக்கணத்தில், அந்தோ, மேலே இருந்து இறங்கியது ஒரு ஈரப் பெருவிரிப்பு! கதிரவனை விழுங்க வந்த வெள்ளைப் பாம்போ, பகையரசன் கொடியோ என மயங்கும்படி அது ஜன்னலை மறைத்துத் தொங்கியது. திடுக்கிட்ட மெழுகனின் விரல் தன்னையறியாமல் கேமராவின் பொத்தானை அழுத்திவிட்டது.

மேல்வீட்டு அக்கா துணி காயப்போட்டுவிட்டார். பெரிய மருத்துவமனை ஒன்றின் சலவைப் பிரிவுக்கு மேற்பார்வையாளர் அவர். ஊரார் விரிப்புகளை ஆறு நாள் வெளுத்து, ஏழாம் நாள் தம் விரிப்பை வெளுப்பவர். மெழுகன் ஜன்னலில் தலை நீட்டி, ‘ஒளியைச் சிறையிட்டவரே, திரையை விலக்குக, இல்லையேல் விளைவதற்கு நான் பொறுப்பல்லேன்’ என்னும் பொருள்பட முழங்கினான். அம்முழக்கம் வருமாறு: “அக்கா... கொஞ்சம் அந்த பெட்ஷீட்டு...”

“காயணும் தம்பி!”

“வெயில் மறைக்குதுக்கா!”

“மறைச்சா மறைக்கட்டும். நீ என்ன செடியா, வெயில் குடிக்க?”

தூது தோற்றபின் படையெடுப்பே வழி. படிகளை இரண்டிரண்டாகத் தாவினான் மெழுகன். மேல்வீட்டு வாயிலில் நின்று, வெயிலின் அருமையும் பூதக்கண்ணாடியின் கொடுமையும் தன் சபதமும் மூச்சிரைக்க எடுத்துரைத்தான். அக்கா முழுவதும் கேட்டார். “ஆக, ஒரு பொம்மைக்காக.”

“பொம்மைன்னு சொல்லாதீங்கக்கா. இன்னிக்கு மட்டும் சொல்லாதீங்க.”

வளர்ந்த ஆண்மகன் ஒருவன் கண் கலங்கி நிற்பதைப் பார்க்கச் சகியாமல் அவர் விரிப்பை இழுத்து, நாற்காலியின் முதுகில் போட்டார். அரண் வீழ்ந்தது! மெழுகன் படியிறங்கிப் பறந்தான். வெயில் தடையின்றி வாள்மகளை முழுக்காட்டியது. எடுத்தான் படம், மேலும் எடுத்தான், மண்டியிட்டும் சாய்ந்தும் எடுத்தான். பின் கேமராவின் சிறு திரையை உற்றுப் பார்த்தான்.

பார்த்தவன் முகம் வாடியது. நேர்வெயிலில் வாள்மகளின் மூக்கு பளபளத்தது, மோவாய் பளபளத்தது, சீற்றம் கனலவேண்டிய கண்ணில் நெய் வழிந்தாற்போல் மினுக்கம் வழிந்தது. காது முதல் தோள் வரை, அச்சின் இரு பாதியும் ஒட்டிய கோடு, யானை நடந்த தடம்போல் தெரிந்தது. பூதக்கண்ணாடி வாய் திறக்குமுன்னே அச்சொல் மெழுகனின் செவியில் ஒலித்தது.

சோர்ந்த விரல் பழைய படங்களைத் தள்ளிக்கொண்டே போய், விரிப்பு விழுந்தபோது தற்செயலாய்ப் பதிந்த படத்தில் நின்றது. படம் கோணலாய் இருந்தது. பாதிக் கோட்டை காணவில்லை. ஆனால் வாள்மகளின் கன்னத்தில் ஒளி, வடிகட்டிய பால்போல, ஓசையின்றி அமர்ந்திருந்தது. பளபளப்பு இல்லை. கோடு இல்லை. அவள் எதையோ நினைத்துக்கொண்டிருந்தாள்.

மெழுகன் தன் நெற்றியில் தானே அறைந்துகொண்டான். செய்த பல் மிகையாய் மின்னினால் பொய்ப்பல் என்று ஊர் சொல்லும் என, நாள்தோறும் பல்லின் மினுக்கத்தைத் தேய்த்துத் தணிப்பவன் அவன்! அந்தக் கலையைப் பட்டறையிலேயே விட்டுவிட்டு வந்து, ஒளிக்கு உதவ வந்த விரிப்பைப் பகையென்று கருதிப் போர் தொடுத்து, வென்றும் தொலைத்தானே! வென்ற நாட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ‘மறுபடியும் எங்களை முற்றுகையிடுங்கள்’ என்று பகைவனிடமே கெஞ்சப்போன மன்னன் உண்டோ? உண்டு. அவன் மீண்டும் படியேறினான்.

“அக்கா, பெட்ஷீட்டை மறுபடி போடுங்க.”

அக்கா அவனை ஏற இறங்கப் பார்த்தார். “எடுன்னே, எடுத்தேன். இப்ப போடுங்கறே. உன் பல்லுக் கடையிலயும் இதே கூத்துதானா? மாட்டச் சொன்னா கழட்டறது, கழட்டச் சொன்னா மாட்டறது?”

“வெயில் போயிட்டு இருக்குக்கா!”

சந்தின் விளிம்பை நோக்கிக் கதிரவன் சரிந்துகொண்டிருந்தான். மேலிருந்து தொங்கவிட்டால் காற்று அதை அலைக்கழிக்கும். “தள்ளு. நானே வந்து பிடிக்கறேன்,” என்று விரிப்பைத் தோளில் போட்டுக்கொண்டு அக்கா இறங்கினார். முன்னாள் பகைவர் கோட்டைக்குள் நுழைந்தபோது, மெழுகனின் மனைவி முக்காலியை எடுத்துப்போட்டு வரவேற்றாள். ஜன்னலின் ஒருபுறம் அக்கா, மறுபுறம் நாற்காலிமேல் மனைவி, நடுவே வெண்திரை.

“அக்கா, லெஃப்ட்ல போங்க. லெஃப்ட்டுக்கா, அது ரைட்டு. மெதுவா. கண்ணாடி பார்த்துட்டுத் திரும்புங்க.”

“ஏம்மா, நான் பெட்ஷீட்டு பிடிக்கறேனா, லாரி ஓட்டறேனா?”

“ரெண்டு பேரும் கொஞ்சம் அசையாம இருங்க!” என்று மேசையடியிலிருந்து ஆணை பிறந்தது.

அப்போது நேர்ந்தது பேரிடர். இவ்வளவு நேரம் வெயில் குடித்த குதிகால் மெழுகு இளகிற்று. வாள்மகள், நத்தை நாணும் மெதுமையோடு, முன்புறம் சரியத் தொடங்கினாள். “ஏங்க, சாயறா!” என்று மனைவி அலறினாள், கால் துடித்தது, நாற்காலிமேல் நிற்பதை நினைந்து அக்காலை அடக்கினாள், இல்லாத பிரேக்கை மிதிக்காமல் இருந்தது அவள் வாழ்வில் அதுவே முதல்முறை. மெழுகன் கை நீட்டினான் தாங்க. நீட்டிய கை பாதியில் நின்றது. கேமராவின் கண்ணாடித் துளையில் அவன் கண்டது சாய்வு அன்று, பாய்ச்சல்! அலமாரியில் ஒருநாளும் நகராதவள் இதோ வாளோடு கோட்டை வாயிலை நோக்கி எட்டி வைக்கிறாள். வெண்ணொளி தோளில் வழிகிறது. அவன் தோற்ற இடத்திலிருந்து அவள் முன்னே போகிறாள். தாங்கினால் பொம்மை பிழைக்கும். தாங்காவிடில் படம் பிழைக்கும். மெழுகன் கையை மடக்கினான். பொத்தானை அழுத்தினான்.

வாள்மகள் சாந்துப் புழுதியில் விழுந்தாள். கதிரவனும் சுவருக்குப் பின்னால் விழுந்தான்.

படம் போனுக்கு ஏறி, குழுவுக்குச் சென்றது. மண்டியிட்டபடியே இருந்த மெழுகனின் போனைச் சுற்றி மூவரும் குனிந்தனர். விரிப்பு மூவர் தோளிலும் கிடந்தது. பூதக்கண்ணாடி பார்த்துவிட்டார் என்று அடையாளம் காட்டியது. அவர் எழுதத் தொடங்கினார். நிறுத்தினார். மறுபடி தொடங்கினார்.

“ஒரு வார்த்தை எழுத இவ்வளவு நேரமா?” என்றார் அக்கா.

“எழுத்துக்கூட்டறாரோ என்னவோ,” என்றாள் மனைவி.

திரையில் விடை விழுந்தது. ‘யாரு இது?’

மெழுகன் அதைப் படித்தான், திரும்பவும் படித்தான். “யாருன்னு கேக்கறாரு,” என்றான். “என்னன்னு கேக்கல. யாருன்னு கேக்கறாரு!”

“அந்த கேமை அவரு ஆடினதில்லையோ என்னவோ,” என்றாள் மனைவி. ஆயினும் அவள் பார்வை அலமாரியை விட்டு விலகி, புழுதியில் கிடந்த வாள்மகளிடம் சென்றது. எடுத்து, முந்தானையால் முகம் துடைத்து, தவளைத் தலை மந்திரவாதியை ஓரம் தள்ளி நடுவில் நிறுத்தினாள்.

எண்திசையும் முரசம் அதிர, விண்ணோர் மலர்மாரி பொழிய, வாகைமாலை மார்பில் புரள, தோற்ற கோட்டையை இத்தனை ஆண்டு கழித்து ஒரு சலவை விரிப்பின் துணையால் வென்று மீண்டவனும், பொம்மைக்கு உயிர் தந்து பூதத்தின் வாய் அடைத்தவனும், பல்லோர் போற்றும் பல்லோனும் ஆகிய எங்கள் மெழுகன், வெற்றி முழக்கம் செய்து நிமிர்ந்தெழும் பொருட்டு, மேசை விளிம்பை இரு கையாலும் பற்றி, மண்டியிட்ட நிலையினின்று விண்ணை நோக்கி உயர்ந்தான்.

முழங்கால் மரத்துப்போயிருந்ததால் மறுபடி தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.