எரியாத கரியும் ஆவணி முகூர்த்தமும்

செல்லூர், மதுரை
20.8.1984

உசிலம்பட்டி மச்சான் நல்லகாமன் அவர்களுக்கு, மலையாண்டி கும்பிட்டு எழுதிக்கொள்வது. இங்கே அனைவரும் சுகம். அங்கே அக்கா இருளாயியும் மாடு கன்றுகளும் சுகமாக இருக்க மீனாட்சி துணை. என் சுகத்தை மட்டும் உங்கள் மகன் கருத்தக்கண்ணன் கெடுத்துவிட்டான்.

என் மகள் பாண்டியம்மாள் பிறந்த அன்றே அவளுக்கு அவன்தான் என்று பேசி வைத்தோம். பல்கலைக்கழகத்து ஆராய்ச்சி முடியட்டும் என்று மூன்று வருஷம் பொறுத்தேன். என்ன பெரிய ஆராய்ச்சி? ராக்கெட்டில் வைப்பதற்கு, எம்புட்டுச் சூட்டிலும் எரியாத கரி! அங்கே உலைக்கு முறை வர மாசக்கணக்காகுமாம், என் வெண்கலப் பட்டறைக்கு வந்துவிட்டான். கரி நூலில் செய்த துண்டுக்குப் பீங்கான் மாதிரி ஏதோ பூச்சுப் பூசி உலையில் வைத்தான். மூன்று மணி நேரம் கழித்துப் பார்த்தால் துண்டைக் காணோம். இருபது வருஷமாக என்னிடம் வேலை பார்க்கிற மொக்கையனை, மடியை அவிழ்த்து உதறச் சொல்லிவிட்டேன் மச்சான்! அதற்கப்புறம் உங்கள் மகன் நிதானமாகச் சொல்கிறான்: "பூச்சுல விரிசல் விட்டுருச்சு மாமா. காத்து உள்ள போயி கரியத் தின்னுருச்சு." இதை முன்னாலேயே சொன்னால் என்ன? கோபித்துக்கொண்டு போன மொக்கையனை அவன் வீட்டு வாசலில் நின்று கெஞ்சிக் கூட்டி வந்தேன். வெட்கமாகப் போய்விட்டது.

அதோடு விட்டானா? அடுத்தடுத்து இன்னும் எட்டுத் துண்டு. கோயில் மணி வார்க்கச் சொன்னவர்கள் வாசலில் நிற்கிறார்கள், உலையில் இவன் கரி உட்கார்ந்திருக்கிறது. கல்யாணப் பேச்சை எடுத்தால், "நாலு மணி நேரம் தாங்கட்டும் மாமா" என்கிறான். கரி தாங்கினால்தான் தாலியா? பாண்டியம்மாளாவது கேட்பாள் என்று பார்த்தால், நகை ஆசாரியின் தராசை வாங்கி வந்து, கரி எவ்வளவு குறைந்தது என்று அவனுக்கு எடை போட்டுக்கொண்டிருக்கிறாள்!

ஆவணிக்குள் தாலி ஏறாவிட்டால் மேலூரிலிருந்து பெண் கேட்டு வந்த மாப்பிள்ளைக்குச் சரி சொல்லிவிடுவேன். வெள்ளிக்கிழமை அக்காவோடு வந்து தேதி குறியுங்கள். இது முடிவு.

அக்காவுக்கு என் கும்பிடு. பிள்ளைகளுக்கு என் ஆசி.

இப்படிக்கு,
தங்கள் மைத்துனன்
மலையாண்டி

பின்குறிப்பு: ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். சூட்டில் இளகி விரிசலை அடைக்கிற கண்ணாடிப் பூச்சு ஒன்றை மேலே பூசி இன்று பத்தாவது துண்டை வைத்தோம். முழுசாக நாலு மணி நேரம்! "அப்பா, ஒரு குன்றிமணிகூடக் குறையல!" என்று பாண்டியம்மாள் கத்தினாள். மொக்கையன் அதை மடியில் முடிந்துகொண்டு தர மாட்டேன் என்கிறான். கருத்தக்கண்ணன், "தேதி குறிச்சுருவோம் மாமா" என்றான். நான்தான் விடவில்லை. எட்டு மணி நேரம் தாங்குமா என்று பார்க்க வேண்டாமா? பாண்டியம்மாள் முறைக்கிறாள். கல்யாணத்தைத் தையில் வைத்துக்கொள்வோம். வெள்ளிக்கிழமை வந்துவிடாதீர்கள், எங்களுக்கு உலையில் வேலை இருக்கிறது.