ஆண்டுக் கட்டணம் தகுமா என்று கேட்ட மைத்துனனுக்கு

அன்புள்ள மைத்துனனுக்கு,

அத்தான் எழுதுவது. இங்கே நானும் உன் அக்காவும் உடம்புக்குக் குறையொன்றும் இல்லாமல் இருக்கிறோம். மனசுக்கு என்ன குறை என்பதைக் கீழே விவரமாக எழுதியிருக்கிறேன். அங்கே நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் முட்டிவலி தேவலையா?

போன வாரம் போனில் ஒரு கேள்வி கேட்டாய். உன் பேங்கில் ஒரு கிரெடிட் கார்டு தருகிறார்களாம், சேர்ந்தவுடன் மூட்டை மூட்டையாகப் பாயிண்ட் கொட்டுமாம், ஆனால் வருஷா வருஷம் கட்டணம் ஒன்று உண்டாம், அந்தக் கட்டணத்துக்கு இந்த போனஸ் தகுமா தகாதா, அத்தானுக்குத்தான் அனுபவம் இருக்கிறதே என்றாய். யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன். யோசிக்க ஒன்றுமில்லை. போனில் சொன்னால் பக்கத்தில் தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கும் உன் அக்கா ஒவ்வொரு வரியையும் திருத்துவாள். அதனால்தான் கடிதம். முழுவதும் படித்துவிட்டு முடிவெடு. பாதியில் நிறுத்தினால் கார்டை வாங்கிவிடுவாய். ஏனென்றால் பாதிவரைக்கும் எனக்கும் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று.

நம் பெண்ணுக்குக் குழந்தை பிறந்த சமயத்தில் ஆரம்பித்தது இது. அவள் இருக்கிற ஊருக்கு விமானத்தை விட்டால் வேறு வழி கிடையாது. மாப்பிள்ளை தங்கமான பிள்ளை. இரண்டு பேருக்கும் டிக்கெட் நானே எடுத்து அனுப்புகிறேன், வந்து ஒரு மாதம் இருங்கள் என்றார். நான் மாட்டேன் என்றேன். வேலையில் இருந்த காலமெல்லாம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஊரில் பாதிப் பேரை மேலே ஏற்றி இறக்கியவன் நான். பேத்தியைப் பார்க்க மாப்பிள்ளை காசில் மேலே ஏறுவதா? உன் அக்கா அப்போது ஊசியில் நூல் கோர்த்துக்கொண்டிருந்தாள். கோர்க்க வழக்கத்தைவிட நேரம் பிடித்தது, அவ்வளவுதான்.

அந்த வாரமே சூப்பர் மார்க்கெட் வாசலில், தள்ளுவண்டிகளை அடுக்கிவைக்கும் இடத்துக்குப் பக்கத்தில், ஒரு மடக்கு மேசை போட்டுக்கொண்டு ஒரு பெண் நின்றது. சேர்ந்து மூன்று மாதத்துக்குள் இவ்வளவு செலவழித்தால் இவ்வளவு பாயிண்ட், அந்தப் பாயிண்டுக்கு நீங்கள் கேட்கிற ஊருக்கு இரண்டு டிக்கெட் என்றது. நான் ஏமாளி இல்லை, உனக்கே தெரியும். பின்னால் வரிசை நிற்கிறதே என்றுகூடப் பார்க்காமல் நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்டேன். முதல் வருஷக் கட்டணத்தைத் தள்ளுவார்களா? தள்ள மாட்டார்கள். பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடலாமா? எப்போது வேண்டுமானாலும் விடலாம். அப்படியானால் கணக்கு லட்டு மாதிரி இருந்தது: கட்டணம் ஒரு டிக்கெட் விலையில் ஐந்தில் ஒரு பங்குகூட வராது, கிடைப்பதோ இரண்டு டிக்கெட், போவது நம் காசில், மாப்பிள்ளைக்கு வெறும் பழம் மட்டும் வாங்கிப் போனால் போதும். கையெழுத்துப் போட்டேன். ஒரு குடையும் இனாமாகக் கொடுத்தார்கள். அடுத்த வாரம் போனேன். மேசையும் இல்லை, அந்தப் பெண்ணும் இல்லை, குடையிலும் ஒரு கம்பி இல்லை.

உன் அக்கா வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். கேட்டு முடித்து ஊசிகளை எடுத்துவிட்டு, "அவ்வளவு செலவு நாம எங்கங்க பண்றோம்?" என்றாள். பண்ணிவிட்டால் போயிற்று என்றேன். ஆனால் விஷயம் அங்கேதான் இருந்தது, மச்சான். இந்த வீட்டில் சோப்பு தேய்ந்து இலைபோல ஆனால் புதுச் சோப்பின் முதுகில் ஒட்டிவிடுவோம். பல்பு அணைந்தால் வாங்குவதற்குமுன் பத்து நாள் தட்டிப் பார்ப்போம். அவர்கள் மூன்று மாதத்தில் செலவழிக்கச் சொன்னதை நாங்கள் மூன்று மாதத்தில் செலவழிக்க வேண்டுமென்றால் வீட்டை இடித்துத்தான் கட்ட வேண்டும். விடுவேனா? நாம் செலவழிக்காவிட்டால் என்ன, உலகம் செலவழிக்கிறதே. யார் எதை வாங்கினாலும் என் கார்டில் தேய்ப்பது, அவர்களிடம் ரொக்கமாக வாங்கிக்கொள்வது, அந்த ரொக்கத்தைக் கார்டு பில்லுக்குக் கட்டுவது, பாயிண்ட் மட்டும் நமக்கு. இதில் யாருக்கு என்ன நஷ்டம், சொல்.

முதலில் கீழ்வீட்டுப் பாட்டு டீச்சர் ஃப்ரிஜ் வாங்கினார். கூடப் போய் நின்று தேய்த்தேன். அன்று சாயங்காலமே முழுப் பணத்தையும் உறையில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்து, உங்களுக்குச் சிரமம் கொடுத்துவிட்டேனே என்றார். அவர் மட்டும் ஒரு வாரம் இழுத்தடித்திருந்தால் நான் அத்தோடு பிழைத்திருப்பேன். அடுத்து முனைச் சலூன்காரர். உட்கார்ந்தால் மேலே ஏறி, சாய்ந்து, சுழல்கிற நாற்காலி ஒன்று வாங்க வேண்டும் என்றார். ஏறி இறங்கும் சாமான் என்பதால் எனக்கும் அதில் ஒரு ஈடுபாடு. கடைக்குப் போய் மூன்று நாற்காலியைக் கவிழ்த்துப் பார்த்து நல்லதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்துத் தேய்த்தேன். தவணையில் தருகிறேன் என்றார். முதல் தவணை வந்தது. அதற்குள் எதிர்ச்சாரியில் குளிர்சாதனம் போட்டு இன்னொரு சலூன் திறந்துவிட்டார்கள். போய்க் கேட்டபோது மனிதர் முகம் வாடி நின்றார். "சார், பணமா இப்ப இல்ல. வெட்டியே கழிச்சிடுறேன்" என்றார். என் தலையை நீ பார்த்திருக்கிறாய். அதில் வெட்டிக் கழிப்பதற்கு எதுவும் மிச்சமில்லை. ஆகவே இப்போது நான் எங்கள் கட்டடத்து வாசலில் நின்று வருகிறவர் போகிறவர் பிடரியைப் பார்த்து, முடி இறங்கிவிட்டதே, வாருங்கள் நல்ல இடம் காட்டுகிறேன் என்று அழைத்துப் போய் வெட்டவைத்து, கூலியை நான் வாங்கிக்கொள்கிறேன். இரண்டாம் மாடிக்காரர் என்னைக் கண்டால் லிஃப்டை விட்டுவிட்டுப் படிக்கட்டு வழியாகப் போகிறார்.

மூன்றாவது மேல்வீட்டுப் பயில்வான். உடற்பயிற்சிக் கூடத்தில் வேலை. எல்லோரும் அவனை அப்படித்தான் கூப்பிடுவது. ட்ரெட்மில் வாங்கப்போகிறேன் என்றான். நின்ற இடத்திலேயே ஓடுகிற மெஷின். விலையைக் கேட்டதும் எனக்குப் பாயிண்ட் கண்ணில் நின்றது. ஒரே தேய்ப்பில் முக்கால் கிணறு தாண்டிவிடலாம். பணமும் கையோடு கொடுத்துவிட்டான். அந்த மெஷின் எங்கே வைக்கப்படும், அதன்கீழே யார் குடியிருக்கிறார்கள் என்பதை நான் யோசித்திருக்கலாம். அவன் ஓட ஆரம்பித்ததும் எங்கள் கூடத்து விளக்கு ஊஞ்சலாடியது, அலமாரியில் டம்ளர்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டன, உன் அக்கா போட்ட நேர்த்தையல் பாம்பாக நெளிந்தது. எனக்குச் சத்தம் அவ்வளவாகத் தெரியவில்லை. காரணம் பிறகு வருகிறது. உன் அக்கா தையல் மெஷினை நிறுத்திவிட்டு மேலே போனாள். என்ன பேசினாளோ தெரியாது, மறுநாள் ட்ரெட்மில் கடைக்கே திரும்பிப் போயிற்று. கடைக்காரன் பணத்தைக் கார்டிலேயே திருப்பிப் போட்டுவிட்டான். பயில்வானுக்கோ ரொக்கமாகக் கொடுத்தது ரொக்கமாக வேண்டும். அவன் தந்ததை நான் பில்லுக்குக் கட்டியாயிற்று. ஆகவே வீட்டிலிருந்த சேமிப்பை வழித்தெடுத்துக் கொடுத்தேன். ஏறின கணக்கும் கூடவே இறங்கியது. மூன்றாம் மாதம் முடியப்போகிறது. நான் நடுமாடியில் மாட்டிக்கொண்ட லிஃப்ட் மாதிரி நின்றேன்.

அப்போதும் விடுவதாக இல்லை. உன் அக்காவிடமே கேட்டேன், வேறு என்னதான் வாங்கலாம் என்று. அவள் என் முகத்துக்கு நேரே வந்து, ஒவ்வொரு சொல்லாக, "உங்க காதுக்கு வாங்குங்க" என்றாள். ஆறு வருஷமாகச் சொல்வதுதான். மோட்டார் அறையிலேயே காலம் தள்ளியவன் காது வேறு எப்படி இருக்கும்? ஆனாலும் காதில் எதையாவது மாட்டிக்கொண்டு நாலு பேர் முன்னால் திரிய எனக்கு மனசு வரவில்லை. இப்போது மனசாவது ஒன்றாவது, பாயிண்ட் முக்கியம் என்று போனேன். காது டாக்டரம்மா என்னை ஒரு கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் கையைத் தூக்குங்கள் என்றார். எப்போது ஆரம்பிப்பார்கள் என்று காத்துக்கொண்டே இருந்தேன். கதவைத் திறந்து, முடிந்துவிட்டது, வாருங்கள் என்றார். காது மெஷினின் விலை, கணக்கில் எனக்குக் குறைவாக இருந்த தொகையைத் தாண்டி நின்றது. தேய்த்தேன். ஜெயித்தேன்.

வெளியே வந்தால் என் செருப்புச் சத்தம் என்னைத் துரத்துகிறது. வீட்டுக்கு வந்தேன். உன் அக்கா முதுகைக் காட்டிக்கொண்டு தைத்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷமாக அவள் தைக்கும்போது உதடு அசைவதைப் பார்த்து ஏதோ பாட்டு முணுமுணுக்கிறாள் என்று நினைத்திருந்தேன். பாட்டில்லை, மச்சான். பேச்சு. யாருமில்லாத அறையில் மெதுவாகப் பேசிக்கொண்டே தைக்கிறாள். "பிள்ளை குப்புற விழுந்துட்டாளாம். இனி தவழுவா. அப்புறம் நடப்பா. நாம இங்க கார்டு தேய்ச்சுக்கிட்டு இருப்போம்" என்றாள். நான் செருப்பைக் கழற்றாமல் அப்படியே நின்றேன். பிறகு ஓசைப்படாமல் வெளியே போய், புதிதாக வருகிறவன்போலக் கதவைச் சத்தமாகத் திறந்துகொண்டு வந்தேன்.

இனி ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது என்று பேங்குக்குப் போன் போட்டேன். பாயிண்ட் ஏற இன்னும் இரண்டு மாதம் ஆகும் என்றார்கள். அதுவும் ஆயிற்று. பேத்தி தவழ்ந்தாள். பாயிண்ட் ஏறிய அன்று மறுபடி போன் போட்டு இரண்டு டிக்கெட் என்றேன். ஒரு டிக்கெட்டுக்குத்தான் வரும் என்றது அந்தக் குரல். மேசைப் பெண் இரண்டு என்றதே என்றேன். அப்போது இரண்டு, இப்போது பட்டியல் மாறிவிட்டது என்றார்கள். இப்படி நடுவில் மாற்றுவதற்கு விதி உண்டா என்று கேட்டேன். "விதி மாறலாம்னு விதியிலயே இருக்கு சார்" என்றான் அந்தத் தம்பி, மிகவும் மரியாதையாக. புதுக் காது, ஒரு எழுத்து விடாமல் கேட்டது.

ஆகவே என் தீர்ப்பு இது. கட்டணத்துக்கு போனஸ் தகாது. ஒரு நாளும் தகாது. நமக்கு இயல்பாக ஆகிற செலவுக்கு அந்த போனஸ் வந்தால் கட்டணத்தைப் பற்றிப் பேசலாம். போனஸுக்காகச் செலவைத் தேடிப் போனால் நாற்காலியும் ட்ரெட்மில்லும் நம் தலைமேல்தான் வந்து இறங்கும். நேற்று உன் அக்கா கண்ணெதிரே கார்டை நாலாக நறுக்கிக் குப்பையில் போட்டுவிட்டேன். துணி வெட்டும் கத்தரியைத் தர மறுத்துவிட்டாள். சமையலறைக் கத்தரியால் வெட்டினேன். கணக்கை மூடச் சொல்லிப் பேங்குக்குக் கடிதமும் எழுதி, தபாலில் போடச் சொல்லி அவளிடம் கொடுத்தாயிற்று. டிக்கெட்டுக்கு ஓய்வூதியத்திலிருந்து மாதா மாதம் ஒதுக்கப்போகிறேன். அடுத்த வருஷம் போய்க்கொள்ளலாம். நீ அந்த விண்ணப்பத்தை இன்றே கிழித்துப் போடு. யார் என்ன சொன்னாலும் மனசு மாறாதே, நான் மாறமாட்டேன்.

உன் மனைவிக்கு என் அன்பைச் சொல். பிள்ளைகள் நன்றாகப் படித்து, இப்படிக் கார்டு கொடுக்கிற இடத்தில் வேலைக்குப் போகாமல், தீர்க்காயுசாக இருக்க என் ஆசீர்வாதம். முட்டிக்கு எண்ணெய் தேய், கார்டு தேய்க்காதே.

இப்படிக்கு,
முடிவில் உறுதியான
உன் அத்தான்

பின்குறிப்பு: தம்பி, இது அக்கா. உன் அத்தான் உறை வாங்கக் கடைக்குப் போயிருக்கிறார். நேற்று அவர் வெட்டியது சூப்பர் மார்க்கெட் தள்ளுபடி அட்டை. கண்ணாடி போடாமல் எடுத்தார், நானும் சொல்லவில்லை. நிஜக் கார்டு என் தையல் மெஷின் இழுப்பறையில் பத்திரமாக இருக்கிறது. கணக்கை மூடினால் பாயிண்டும் கூடவே போய்விடும் என்பதுகூடத் தெரியாமல் கடிதம் எழுதியிருக்கிறார். அந்தத் தாள் நல்ல கெட்டியாக இருந்ததால் தபாலில் போடாமல் ரவிக்கைக்குக் கழுத்து அளவு வெட்டிக்கொண்டேன். பாயிண்டில் ஒரு டிக்கெட் எடுத்தேன். இன்னொன்று என் தையல் காசில். இரண்டு டிக்கெட்டுக்குத்தான் என்னிடம் இல்லாமல் இருந்தது, ஒன்றுக்கு இருந்தது. வெள்ளிக்கிழமை கிளம்புகிறோம். கோபமெல்லாம் எழுதித் தீரட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறேன். கட்டணம் தகுமா என்று கேட்டாயே, என்னைக் கேட்டால் தகும். ஆறு வருஷமாக நான் கெஞ்சியும் மாட்டாத காது மெஷினை மனுஷன் பாயிண்டுக்காக மாட்டிக்கொண்டார். இனி பேத்தி அழைத்தால் திரும்பிப் பார்ப்பார். நீயும் கார்டை வாங்கு. உன் பேரில் வேண்டாம். உன் மனைவி பேரில் வாங்கு.